சீரத்தை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்

கேள்வி: சி.எச்.ஓ. (சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து வந்த) செல்களில் ஆன்டிபாடி தயாரிக்கும் சிறு நிறுவனம் எங்களுடையது. மீடியத்தில் (செல் வளர்க்கும் ஊட்டத் திரவம்) 10 சதவீத மாட்டுக்கரு சீரம் (கன்றுக் கருவின் ரத்தத்திலிருந்து எடுக்கும் தெளிநீர்) கலந்தபோது நன்றாக வளர்ந்த செல்கள், சீரமில்லா மீடியத்துக்கு மாற்றிய நான்காம் நாளே செத்துவிட்டன. டீலர் ஒரு 'பூஸ்டர்' வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலும் இது மீடியத்தின் குறை அல்ல, அவசரத்தின் விளைவு. சீரம் வெறும் சாப்பாடு அல்ல. இன்சுலின், இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின், செலினியம் எல்லாம் அதில் உண்டு. கலக்கும் வேகத்தில் செல் கிழியாமல் காப்பதும் அதுதான். அத்தனையையும் ஒரே நாளில் பிடுங்கினால் எந்தச் செல் தாங்கும்? சீரத்தை 5, 2.5, 1 சதவீதம் என்று படிப்படியாக இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் செல்களை இரண்டு மூன்று முறை புது மீடியத்தில் பிரித்து வளர்த்து, உயிருள்ளவை 90 சதவீதத்துக்கு மேல் நின்றால்தான் அடுத்த படி. படிக்குப் படி சில குப்பிகளை உறையவைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் போடுகிறீர்களென்றால் அளவைக் குறையுங்கள். சீரம் இல்லாதபோது பழைய அளவே விஷமாகலாம்.

பூஸ்டருக்கு வருவோம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். இத்தகைய சரக்கில் பல, சோயா அல்லது ஈஸ்ட் ஹைட்ரோலைசேட் (புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்த கலவை). அதில் வளர்ச்சி கூடுவது உண்மைதான். ஆனால் லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) மாறும். 'சீரமில்லாதது' என்ற லேபிளுக்கு 'விலங்குப் பொருளே இல்லாதது' என்று பொருளில்லை. மாட்டு ரத்த அல்புமின் உள்ளே இருக்கலாம். மாட்டுப் பித்து நோய்க்குப் பயந்து சீரத்தைக் கைவிட்டுவிட்டு, அதே மாட்டை டீலர் கையால் உள்ளே விடுவதா? பகுப்பாய்வுச் சான்றும் மூலப்பொருள் பிறப்பிடச் சான்றும் தயாரிப்பாளரிடமிருந்தே, அந்த லாட் எண்ணோடு வர வேண்டும். பிரித்துக் கட்டிய பொட்டலத்தைத் தொடாதீர்கள். சி.எச்.ஓ. செல்களைச் சீரமே இல்லாமல் வளர்க்கும் எஃப்-12 மீடியத்தை ரிச்சர்ட் ஹாம் 1965-லேயே வெளியிட்டுவிட்டார். இதில் ரகசிய மருந்து எதுவும் கிடையாது.

நம் டெண்டர் முறையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. செல்கள் ஒரு மீடியத்துக்குப் பழகி முடிப்பதற்குள், விலை குறைவென்று வேறொன்றை வாங்கி நீட்டுவார்கள். குளிரில் இருக்க வேண்டிய பெட்டி கஸ்டம்ஸ் கிடங்கின் வெக்கையில் கிடக்கும். மீடியத்திலுள்ள குளூட்டமின் என்ற அமினோ அமிலம் சிதைந்து, செல்லுக்கு ஆகாத அம்மோனியா சேரும். பழி மட்டும் ஆய்வகத்தின் மேல்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஆன்டிபாடி தயாரிக்கப் பயன்படும் இன்னொரு வகையான என்.எஸ். ஜீரோ (எலியின் புற்றுச் செல்லிலிருந்து வந்தவை) செல்களால் பொதுவாகக் கொலஸ்ட்ராலைத் தாங்களே தயாரிக்க முடியாது. அவற்றுக்கு வெளியிலிருந்து கொடுத்தே ஆக வேண்டும். அது தண்ணீரில் கரையாது. சைக்ளோடெக்ஸ்ட்ரின் (வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறு) போன்ற ஒன்றோடு சேர்த்துத்தான் கொடுக்க முடியும். கொடுத்ததிலும் ஒரு பங்கு பிளாஸ்டிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும். கொலஸ்ட்ரால் இல்லாமலே வாழப் பழகிய என்.எஸ். ஜீரோ குளோன்களும் (ஒரே செல்லிலிருந்து பெருகியவை) உண்டு. என்.எஸ். ஜீரோ வைத்திருப்பவர்கள் தங்களுடையது எது என்று சோதித்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். உங்கள் சி.எச்.ஓ. செல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. டீலர் கொலஸ்ட்ராலை நீட்டினாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.