மீன் முட்டையும் குஞ்சும் பிழைக்க: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மூன்றடி கலப்புத் தொட்டி. ஏஞ்சல் மீன் ஜோடி ஃபில்டர் குழாயில் முட்டை வைத்தது, மறுநாள் காலை ஒன்றுகூட இல்லை. யார் தின்றது?

பதில்: யாரும் தின்றிருக்கலாம் தம்பி. இருட்டில் ஏஞ்சலால் சரியாகக் காவல் காக்க முடியாது, சக்கர் மாதிரி ராத்திரி மேயும் மீன் அப்போதுதான் வரும். புது ஜோடி முதல் சில ஈடுகளைத் தானே தின்பதும் சகஜம். அடுத்த தடவை ஒரு பிவிசி குழாய்த் துண்டைச் சாய்த்து வை. முட்டையிட்டு, ஆண் அதன்மேல் தடவிப்போகும் வேலையும் முடிந்தபின், குழாயோடு எடுத்து அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய சின்னத் தொட்டிக்கு மாற்று. பக்கத்தில் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன், ஆனால் குமிழி நேராக முட்டையில் படக்கூடாது. பூஞ்சையைத் தடுக்க, தண்ணீர் வெளிர்நீலமாகும் அளவுக்கு மெத்திலீன் ப்ளூ மருந்து. நல்ல முட்டை தேன்துளி மாதிரி தெளிவாக இருக்கும், வெள்ளையானது கெட்டது, அதில் வரும் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் தாவும். 28 டிகிரியில் இரண்டு, இரண்டரை நாளில் வால் துடிக்கும். அப்புறம் கிட்டத்தட்ட ஐந்து நாள் ஒட்டிக்கொண்டே கிடக்கும், வயிற்றிலிருக்கும் மஞ்சள்கருப் பைதான் சாப்பாடு, எதுவும் போடாதே. நீந்த ஆரம்பித்ததும், முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் குஞ்சு, கொஞ்சம் கொஞ்சமாக. அவித்த கோழிமுட்டை மஞ்சள்கரு மட்டும் வேண்டாம். நான் முதல் ஈட்டை அதனால்தான் இழந்தேன், ஒரே ராத்திரியில் தண்ணீர் பால் மாதிரி கலங்கிவிட்டது.

கேள்வி: சார், மோலி வயிறு பெருத்திருக்கிறது. எந்த அளவு பிரீடிங் பாக்ஸ் வாங்க?

பதில்: வாங்காதீர்கள். நிறைமாதத் தாயை அந்தக் குட்டிப் பெட்டிக்குள் அடைத்தால் மிரண்டுபோகும், குஞ்சு செத்தே பிறக்கலாம். ஜாவா மோஸ், ஹார்ன்வொர்ட் என்ற நீர்ச்செடிகள் இரண்டில் ஒன்றை அடர்த்தியாக மிதக்கவிடுங்கள். பிறந்த குஞ்சு மேல்பக்கம் ஓடி அதற்குள் ஒளியும்.

கேள்வி: ஆண் கப்பியே இல்லை, ஆனால் மாதாமாதம் குஞ்சு போடுகிறதே?

பதில்: ஒருமுறை சேர்ந்தால் போதும், பெண் விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைக்கும்.

கேள்வி: கப்பிக்குப் பிரீடிங் பாக்ஸ் போடலாமா?

பதில்: மோலிக்குச் சொன்னதேதான்.

கேள்வி: ஏஞ்சல் முட்டையை எடுக்கச் சொல்வது தப்பு. பெற்றோரிடமே விட்டால்தான் வளர்க்கப் பழகும். என் ஜோடி அப்படித்தான் வளர்த்தது.

பதில்: உங்கள் ஜோடி தனித் தொட்டியிலா, கலப்புத் தொட்டியிலா?

கேள்வி: தனியாகத்தான். அதனால் என்ன?

பதில்: அதுதான் விஷயமே. தனியாக இருந்தால் நானும் விட்டுவிடுவேன். நழுவி விழுந்த குஞ்சைத் தாய் வாயில் கவ்விக்கொண்டுபோய்த் திரும்பக் குழாயில் துப்பி ஒட்டவைப்பதை ஒரு முறை பார்த்தவனுக்கு எடுக்க மனசே வராது. ஆனால் சுற்றிலும் இருபது டெட்ரா மீன் நிற்கும்போது அந்த ஜோடி நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருக்கும், மிரண்டு கடைசியில் தானே தின்றுவிடும், மற்ற மீன்களும் மூலையில் ஒடுங்கி அடிபடும். பழகட்டும் என்றால் முதலில் ஜோடியைத் தனியாக்குங்கள். கலப்புத் தொட்டியில் வைத்துக்கொண்டு பழகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: மோஸ் இல்லை, பிரீடிங் பாக்ஸ்தான் இருக்கிறது, பிளாட்டி மீன் இன்றைக்கோ நாளைக்கோ குஞ்சு போடும்.

பதில்: மூன்றாவது தடவை சொல்கிறேன், தாயை அதில் போடாதீர்கள். பெட்டி வீணாகாது, பிறந்த குஞ்சுகளை அள்ளிப் போடுங்கள். இன்றைக்கே ஃபில்டர் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள், மீன் தின்பதைவிட அது இழுத்துக்கொள்ளும் குஞ்சு அதிகம் என்று பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: குஞ்சு அதிகமாகிவிட்டால் ஏரியில் விடலாமா?

பதில்: கூடவே கூடாது. கடையில் கேளுங்கள், அல்லது தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். தொட்டிக்காக வந்த சக்கர் மீன் நம் ஏரிகளில் பெருகி வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.