மந்திரச் சுருளை யார் படிக்கலாம்?

கேள்வி: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதாபாத்திர விளையாட்டின் 5ஆம் பதிப்பை 2014 விதிகளின்படி ஆடுகிறோம். ஃபைட்டர் (மந்திரம் தெரியாத போர்வீரர்) கையில், தீப்பந்து வீசும் ஃபயர்பால் மந்திரம் எழுதிய சுருள் சிக்கியிருக்கிறது. தன் கிளாஸுக்கு (பாத்திர வகைக்கு) உரிய மந்திரம் இல்லையென்றால் சுருள் புரியவே புரியாது என்கிறது புத்தகம். எல்லோரும் படிக்கலாம் என்று எங்கள் மேசைக்கு விதி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. புதையலில் கிடைத்த சுருள் பையிலேயே மக்கிக் கிடப்பதால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் எந்த எண்ணை எட்ட வேண்டும் என்பதில் கவனம் வேண்டும். தன் சக்திக்கு மேற்பட்ட லெவல் சுருளைப் படிக்கும் மந்திரவாதிக்குப் புத்தகம் வைக்கும் இலக்கு, 10 + மந்திரத்தின் லெவல். அதையே ஃபைட்டருக்கும் வைத்துவிடாதீர்கள். ஃபயர்பால் 3ஆம் லெவல். இன்டெலிஜென்ஸ் (அறிவுத்திறன்) 10 உள்ளவருக்குக் கூட்டிக்கொள்ள எதுவும் இல்லை; இருபது முகப் பகடையான டி20இல் 13 உருட்டினால் போதும். அது 40 சதவீத வாய்ப்பு. மந்திரமே தொழிலான விசார்டாக ஆடுபவர் முகம் வாடிவிடும்.

பிற கிளாஸ் மந்திரவாதிக்கு 10 + லெவல், மந்திரமே தெரியாதவருக்கு 15 + லெவல் என்று பிரியுங்கள். இருவருக்கும் ஆர்க்கானா, அதாவது மந்திர அறிவுச் சோதனைதான். ஃபைட்டருக்கு இனி 18 வேண்டும், வாய்ப்பு 15 சதவீதம்.

தவறினால் சுருள் பொடியாகிவிட வேண்டும். இதில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். இறந்தவரை எழுப்பும் ரிவிவிஃபை மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் 3ஆம் லெவல்தான்: ஆள் இறந்து 1 நிமிடத்துக்குள் போட வேண்டும், அதாவது 10 சுற்று. தவறியும் சுருள் மிஞ்சினால் 10 முறை உருட்டலாம். 15 சதவீதம் ஏறக்குறைய 80 ஆகிவிடும். பிறகு சோதனை எதற்கு?

தவறியவர் இன்டெலிஜென்ஸ் சேவிங் த்ரோவில் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) 10ஐ எட்டாவிட்டால் விபரீதம் நேரும் என்ற விருப்ப விதியும் டஞ்சன் மாஸ்டர் கையேட்டில் உண்டு. ஆறு முகப் பகடையான டி6இல் 1 விழுந்தால், மந்திரத்தின் ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு டி6 அடி படித்தவருக்கு விழும், ஃபயர்பாலுக்கு 3டி6. 6 விழுந்தால் மந்திரம் டி12 மணி நேரம் கழித்துக் கிளம்பும். எல்லோரும் முகாமில் தூங்கும் நேரமாகக்கூட அது இருக்கலாம்! அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுருளைப் படித்தால், மந்திரம் போடச் செலவாகும் பொருள் (ரிவிவிஃபைக்கு வைரம்) தேவையில்லை என்பதால் எங்கள் குழு ரிவிவிஃபை சுருள்களாக வாங்கிக் குவிக்கிறது. எப்படித் தடுப்பது?

பதில்: விலையைச் சரிபாருங்கள். படிக்கும்போதுதான் 300 பொன் பெறும் வைரம் வேண்டாம். 2017இல் வந்த ஸானதார்ஸ் கைட் என்ற துணை விதிநூலின்படி, எழுதுபவர் அந்தப் பொருளைக் கொடுத்தாக வேண்டும். 3ஆம் லெவல் சுருளுக்கு ஒரு வாரமும் 500 பொன்னும் தனி. எழுதும்போதே வைரம் கரைந்துவிடும் என்று வைத்துக்கொண்டால் அடக்க விலையே 800 பொன். அதற்குக் கீழே எந்தக் கடைக்காரரும் விற்க மாட்டார். ஊரில் எத்தனை வைரம் கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டால் குவிப்பு தானாக நின்றுவிடும்.

கேள்வி: ஒலியை முழுதாக அடக்கும் சைலன்ஸ் மந்திரத்துக்குள் நின்றுகொண்டு சுருளைப் படிக்கலாமா?

பதில்: முடியாது. சுருள் விட்டுக்கொடுப்பது பொருளை மட்டும்தான். வாயால் சொல்ல வேண்டிய மந்திரத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, பலர் மறப்பது: சுருளைப் பிடிக்க ஒரு கையாவது காலியாக இருக்க வேண்டும். வாளும் கேடயமும் ஏந்தியவர் முதலில் வாளைக் கீழே போடட்டும்.