பீரோ நிறைய குறிப்பு, கையில் இரண்டே இயல்

கேள்வி: கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டே, தாலாட்டுப் பாடல்களைப் பற்றிப் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது ஐந்தாவது வருடம். களப்பணி முடிந்து பீரோ நிறைய குறிப்பு இருக்கிறது, எழுதியது இரண்டே இயல். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தாலும், இன்னும் நாலு புத்தகம் படித்துவிட்டு எழுதலாமே என்று தோன்றிவிடுகிறது. நெறியாளரைப் பார்த்தே எட்டு மாதம் ஆகிறது. என்ன செய்ய?
- வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் நெறியாளரைப் போய்ப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இந்த இயலை முடித்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போட்டு, பிறகு இத்தனை நாள் கழித்து வெறுங்கையோடு எப்படிப் போவது என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டு, இப்போது துறை வராந்தாவில் அவர் தலை தெரிந்தாலே தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறீர்கள், சரியா? நானும் ஒதுங்கியவன்தான். ஒருநாள் மாட்டிக்கொண்டபோது அவர் கேட்டது, "சாப்பிட்டியாப்பா?" திட்டு அதற்கு அப்புறம்தான் விழுந்தது. அரைகுறையாக ஐந்து பக்கம் இருந்தாலும் போதும், எடுத்துக்கொண்டு போங்கள்.

நாலு மணிக்கு எழுகிறவருக்கு நேரத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. படிப்பதும் வேலை செய்வது மாதிரியே இருக்கிறதே, அதுதான் சிக்கல். அடிக்கோடு போடுகிறோம், ஜெராக்ஸ் எடுக்கிறோம், மனசு நிறைந்துவிடுகிறது, ஆய்வேடு மட்டும் ஒரு வரி நகர்வதில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் குறிப்பெடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அதை அகரவரிசையில் அடுக்கி, பிடிக்காமல் கலைத்து, கால வரிசையில் அடுக்கியே எனக்கு ஒரு கோடை விடுமுறை போயிற்று.

உ.வே.சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சீவக சிந்தாமணி கைக்கு வந்தது. பாடமும் நடத்திக்கொண்டு, சுவடிகளையும் ஒப்பிட்டுக்கொண்டு 1887-இல் அச்சில் கொண்டுவந்துவிட்டார். ஊரில் இருக்கிற சுவடி எல்லாம் கிடைக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. திருத்த வேண்டியதைத் திருத்தி 1907-இல் இரண்டாம் பதிப்பு போட்டார். உங்கள் ஆய்வேட்டுக்கும் பிற்பாடு நூலாக வர வாய்ப்பு உண்டு, இப்போதே அதை நூலாக்கப் பார்க்காதீர்கள்.

நாளைக் காலை பீரோவைத் திறக்காமல் உட்காருங்கள். இயல் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். தாய்மாமன் சீர் வருகிற தாலாட்டுகளை மட்டும் எடுத்து, யார் பாடினார்கள், எந்த ஊர், ஊருக்கு ஊர் சீர்ப்பொருள் எப்படி மாறுகிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். மேற்கோள் நினைவுக்கு வரவில்லையா, சிவப்பு மையில் 'இங்கே மேற்கோள்' என்று போட்டுவிட்டு மேலே போங்கள். எழுந்து போகும்போது மறுநாள் தொடங்க வேண்டிய வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போங்கள், வெள்ளைத் தாளின் முன்னால் முழிக்க வேண்டியிருக்காது. முன்னுரையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். விடைத்தாள் திருத்தும் வாரங்களில் எழுதுவதாகத் திட்டமே போடாதீர்கள், நடக்காது.

இன்னொன்று, பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு தர விதியில் இடமுண்டு. பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவில் இப்போதே கேட்டு வையுங்கள், கெடு நெருங்கும்போது ஓடாதீர்கள்.

கேள்வி: 25 நிமிடம் டைமர் வைத்து எழுதச் சொல்கிறார்களே, பலன் உண்டா?
- ஆய்வு மாணவர், மதுரை

பதில்: பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் 1980-களின் கடைசியில் தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கிய பழக்கம் அது. அடிக்குறிப்பு சரிபார்க்க, பிழை திருத்த நன்றாக உதவும். ஆனால் வாதம் சூடுபிடிக்கிற நேரத்தில் மணி அடித்தால் எரிச்சல்தான் வரும், அப்போது அதை அணைத்துவிட்டு எழுதுங்கள். டைமர் மட்டும் செல்போனில் வேண்டாம். மணி பார்க்கப் போனை எடுத்தவர் அரை மணி நேரம் கழித்துத்தான் கீழே வைப்பார்.