ஏற்காட்டு வளைவை மறந்துவிட்டுக் கிளம்புங்கள், தம்பி

தம்பி, ஆகஸ்டில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் படிக்கக் கிளம்புகிறீர்கள், படித்துக்கொண்டே குடோன் வேலைக்குப் போக வேண்டும், நின்றபடி ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட், அதாவது சரக்கைத் தூக்கி அடுக்கும் வண்டி, ஓட்டத் தெரிந்தால் சம்பளம் கூடக் கிடைக்குமாம், ஐந்து ரோடு பக்கம் ஒருவர் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' எடுத்துத் தர 35,000 ரூபாய் கேட்கிறார், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ரூம், சிம், குளிர் ஜாக்கெட், எந்தப் பஸ் என்று ஏழெட்டுக் கேள்வி. உங்களுக்கு லாரி ஓட்டத் தெரியும் என்பதையும் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும்தான் பதில் போட உட்கார்ந்தேன்.

முதலில் அந்த 35,000. கட்டாதீர்கள். ஒன்டாரியோவில் ஃபோர்க்லிஃப்டுக்கு அரசாங்க லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. ஓட்டுகிறவனுக்குப் பயிற்சி கொடுத்து, அவனுக்கு ஓட்டத் தெரிகிறதா என்று நேரில் பார்த்து உறுதி செய்வது முதலாளியின் பொறுப்பு. சட்டம் அப்படி. அதற்கு சி.எஸ்.ஏ. என்கிற கனடா தர அமைப்பு பி335 என்று ஒரு தரவிதி வைத்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி பயிற்சி, மறுபடி சோதனை. வண்டி வகைக்கு வகை பயிற்சியும் வேறு. உட்கார்ந்து ஓட்டுவதில் தேறியவன் நாளைக்கே ரீச் டிரக்கில், அதாவது நீங்கள் கேட்கிற அந்த நின்றபடி ஓட்டும் வண்டியில், ஏறிவிட முடியாது. இந்த நிலையில் சேலத்தில் வாங்கின லேமினேஷன் அட்டையை அங்கே யார் பார்ப்பார்கள்? வீட்டு உபயோகத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். நேரில் வண்டியைத் தொடாமல் ஆன்லைனில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் சர்டிபிகேட்டும் இதே கதைதான். அங்கே போய்ச் சாதாரண லோடு வேலையில் சேருங்கள். நேரத்துக்குப் போங்கள். மூன்று நான்கு மாதம் கழித்து ரீச் பழகிக்கொள்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நம் பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள், அவனாகக் கூப்பிடுவான் என்று நிற்பார்கள்.

இப்போது லாரிக்கு வருகிறேன். நானும் ஓட்டினவன்தான். ஏற்காட்டிலிருந்து காப்பி, மிளகு மூட்டைகளை டாடா 407-ல் ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, செவ்வாய்ப்பேட்டைக்கு வருவேன். ஆறு வருஷம், ஒரு கீறல் கிடையாது. 2008 ஜனவரியில் டொராண்டோவில் போய் இறங்கி, மே மாதம் ஒரு குடோனில் அந்த ரீச் டிரக்கை முதல்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பீரோ அகலத்துக்கு ஒரு பெட்டி, அதற்கு ஒரு டிரெயினர் வேறா என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் சிரிப்பு அடங்கிவிட்டது.

அதில் ஒருக்களித்து நிற்க வேண்டும். இடது கையில் ஸ்டியரிங், வலது கையில் ஒரு கைப்பிடி. போவது, வருவது, தூக்குவது, நீட்டுவது, ஹாரன் எல்லாம் அந்த ஒரு கைப்பிடியில். காலடியில் ஒரு பெடல். அதை மிதித்தபடி நின்றால்தான் பிரேக் விடும், வண்டி நகரும். காலை எடுத்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும். புரிகிறதா? லாரிக்கு நேர் எதிர். சந்து முனையில் திடீரென்று ஒரு ஆள் குறுக்கே வந்தார். என் கால் என்ன செய்யும்? ஆறு வருஷம் மலையில் பழகின கால். ஓங்கி மிதித்தது. வண்டி பாட்டுக்குப் போனது. அவர் ஒதுங்கிவிட்டார். நான் பதறி ஸ்டியரிங்கை ஒடிக்க, வண்டியின் பின்பக்கம் வீசி ரேக்கின் அடித்தட்டில் இருந்த பேலட்டை, அதாவது பலகைத் தட்டில் அடுக்கிய சரக்கை, கிழித்தது. பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, நீல நிறம். பன்னிரண்டு கேன் உடைந்து தரை முழுக்க ஓடியது. துடைக்கத் துடைக்க நுரை. ஷிப்ட் முடியும் வரை நுரை.

அந்தப் பின்பக்க வீச்சுதான் இரண்டாவது பாடம். கொண்டை ஊசியில் நாம் என்ன செய்வோம்? வெளிப்பக்கம் ஒதுங்கி, அகலமாக எடுத்து வளைப்போம். சரக்கைத் தூக்கும் இரும்புக் கரங்களான ஃபோர்க்கை முன்னால் வைத்துப் போகும்போது ரீச்சில் அப்படி எடுத்தால் போச்சு. திரும்பும் சக்கரம் பின்னால், உங்கள் காலடியில் இருக்கிறது. வால் வெளியே வீசும். அதனால் உள்முனையை ஒட்டிப் போய்த்தான் திரும்ப வேண்டும். 407 ஓட்டின கைக்கு இது பழக மூன்று வாரம் ஆயிற்று. லாரியே தொடாத ஒரு பிலிப்பைன்ஸ் பெண் நான்கே நாளில் கற்றுக்கொண்டாள். மறக்க வேண்டியது அவளுக்கு ஒன்றும் இல்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தது டிரெயினர் இல்லை, யாழ்ப்பாணப் பக்கத்துப் பருத்தித்துறைக்காரர் ஒருவர். சாப்பாட்டு நேரத்தில் ஒரு காலி பேலட்டையும் நான்கு ரப்பர் கூம்பையும் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார். "தம்பி, பயந்தால் காலை எடும், மிதியாதையும்" என்பார். இதையே ஒரு வாரம் சொன்னார். நம் தமிழ்நாட்டு ஆட்களைப் பற்றிச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்கிறேன். நான் போய் இறங்கினபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி "என்ன விசா?" அடுத்தது "எந்தக் கம்பெனி?" குடோன் என்றதும் பேச்சு நின்றுவிடும். அந்தப் பருத்தித்துறை அண்ணன் கேட்டது "சாப்பிட்டீரோ?"

சரி, மலையில் கற்றது ஒன்றாவது உதவுமா என்றால், உதவும். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரில் பிடித்து இறங்குவோம் இல்லையா? ரீச்சில் போகிற திசைக்கு எதிராகக் கைப்பிடியை மெல்லத் தள்ளினால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அது மட்டும் என் கைக்குத் தானாக வந்தது. டிரெயினரே திரும்பிப் பார்த்தார்.

அடுத்து நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் ஊர் டவுன் பஸ் படிக்கட்டுப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். பெட்டியிலிருந்து ஒரு காலை லேசாக வெளியே விட்டுக்கொண்டு ஓட்டுவது பார்க்க ஸ்டைலாக இருக்கும். வண்டியில் இருக்கும் பேட்டரி மட்டுமே ஒரு டன் வரும். ரேக் காலுக்கும் அந்த எடைக்கும் நடுவே பாதம் மாட்டினால் சேஃப்டி ஷூ ஒன்றும் செய்யாது. எங்கள் ஷிப்டில் ஒரு பையனுக்கு அது நடந்தது, மேலே எழுத மனசு வரவில்லை. பின்னால் போகும்போது முகம் போகிற பக்கமே இருக்கட்டும். ரேக்கின் குறுக்குச் சட்டம் வண்டிக்கு மேலாக நேரே உங்கள் இடுப்புக்கோ நெஞ்சுக்கோ வரும். பேலட்டை உயரே வைத்தபடி ஓட்டவே கூடாது. தரையிலிருந்து நாலு ஆறு அங்குலம் போதும். வண்டியில் ஒரு தகடு அடித்திருப்பார்கள். எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு எடை என்று அதில் இருக்கும். உயரம் ஏற ஏற எடை குறையும். அதைப் படிக்காமல் தூக்காதீர்கள்.

பயிற்சி கொடுக்காமல் "சும்மா ஓட்டு, ஆள் இல்லை" என்று எவனாவது சொன்னால் முடியாது என்று சொல்லலாம். ஆபத்தான வேலையை மறுக்க அங்கே சட்டத்திலேயே உரிமை உண்டு. அது நம் ஆள் நடத்தும் குடோனாக இருந்தாலும் சரி. அங்கேதான் இதை அதிகம் கேட்பார்கள், அதுவும் "நம்ம ஊர்ப் பையன்தானே" என்று தோளில் கை போட்டு. ஏஜென்சி வேலை கொடுக்க உங்களிடம் காசு கேட்கக் கூடாது. கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். வகுப்பு நடக்கிற காலத்தில் வாரம் 24 மணி நேரம்தான் காலேஜுக்கு வெளியே வேலை செய்யலாம். அதற்கு மேல் செய், அந்தச் சம்பளத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்பார்கள். அடிபட்டால் உங்களைத் தெரியாது என்று சொல்லப் போவதும் அவர்களேதான்.

ரூம், சிம், ஜாக்கெட் எல்லாம் அங்கே போனால் தானாக நடக்கும். ஜாக்கெட் இங்கே வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

நான் இப்போது ஆடிப் பண்டிகைக்கு அம்மாபேட்டை வந்திருக்கிறேன். மைக்செட் சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். அப்பா லீ பஜாரில் முப்பது வருஷம் லோடுமேன். 90 கிலோ ஜவ்வரிசி மூட்டையை முதுகில் ஏற்றி, பலகையில் நடந்து லாரியில் அடுக்கினவர். நான் அங்கே சூப்பர்வைசர் என்று ரொம்ப நாள் வீட்டில் பொய் சொல்லியிருந்தேன். போன வாரம்தான் போனில் வீடியோவைக் காட்டினேன். ஒரு டன் பேலட்டை 30 அடி உயரத்து ரேக்கில் நான் வைக்கிறேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். விரல் விட்டு எண்ணி, "பதினோரு மூட்டை" என்றார். அப்புறம் போனைத் தூரமாகப் பிடித்து அந்தச் சந்து முழுக்கத் தேடிவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, ஒரு லோடுமேனையும் காணோமே?"