குட்டிப் பாம்பு இரை எடுக்க மறுத்தால்

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி (வாசகி, தேவிபட்டினம்): மதிப்பிற்குரிய மருத்துவர் ஐயா அவர்களுக்கு வணக்கம். கல்லூரியில் படிக்கும் என் மகன் மூன்று வாரங்களுக்கு முன் சென்னையில் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பால் பைத்தான் குட்டி ஒன்றை வாங்கி வந்தான். ஒரு முழம்கூட இல்லை. எடை 68 கிராம். பழைய மூன்றடி மீன்தொட்டியில், ஜன்னலோரம், குண்டு பல்பு போட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறான். உறைய வைத்த எலிக்குட்டி, அவித்த முட்டை, சாளை மீன்துண்டு என்று ஒருநாள் விட்டு ஒருநாள் எதையாவது நீட்டிப் பார்க்கிறான், எதையும் தொடவில்லை. தம்பி தங்கைகள் மாற்றி மாற்றி அதைக் கையில் எடுக்கிறார்கள். என் மாமியார் பால் வைத்தால் குடிக்கும் என்கிறார். எனக்குப் பாம்பென்றால் பயம்தான். ஆனாலும் வாயில்லா ஜீவன் பட்டினி கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, பயத்தையும் மீறி அந்த ஜீவனுக்காக நீங்கள் எழுதியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. முதலில் உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்: புற்றுக்குப் பால் வார்ப்பது வழிபாடு, ஆனால் பால் பாம்பின் உணவன்று. தாகத்தால் தவிக்கும் பாம்பு முன்னால் இருக்கும் எந்தத் திரவத்தையும் குடிக்கும். குடித்த பாலைச் செரிக்கும் வயிறு அதற்கில்லை. பெயரில் உள்ள 'பால்' என்பதும் பசும்பாலைக் குறிப்பதன்று. அஞ்சும்போது தலையை நடுவில் மறைத்துக்கொண்டு உடலைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்வதால் ஆங்கிலத்தில் பந்தைக் குறிக்கும் 'பால்' என்ற சொல்லால் வந்த பெயர் அது. முட்டையும் மீனும்கூட இந்த இனத்தின் இரையல்ல.

இது மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும், செனகல் முதல் உகாண்டா வரை, வாழும் சிறிய வகை மலைப்பாம்பு. 'கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது' என்று நாம் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும். பகல் முழுவதும் கரையான் புற்றிலோ எலி வளையிலோ உடம்பை நெருக்கிக்கொண்டு கிடந்து, இருட்டிய பிறகு இரை தேடும். அப்படிப்பட்ட பிராணியை நான்கு பக்கமும் கண்ணாடியாக உள்ள மூன்றடித் தொட்டியில், வெளிச்சத்தில், ஆள் நடமாடும் கூடத்தில் வைத்தால், தன்னை யாரோ வேட்டையாடப் போகிறார்கள் என்ற எண்ணத்திலேயே அதன் பொழுது கழியும். உயிருக்கு அஞ்சும் பாம்பு வாய் திறந்து இரையைப் பற்றாது. என்னிடம் கொண்டுவரப்படும் இரை எடுக்காத குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் எதுவும் இருப்பதில்லை. அச்சம் மட்டுமே இருக்கிறது. அந்த அச்சத்தை மருந்தால் தீர்க்க முடியாது, வீட்டார்தான் தீர்க்க வேண்டும்.

எனவே இன்றே தொட்டியை மாற்றுங்கள். பதினைந்து இருபது லிட்டர் கொள்ளளவுள்ள, மூடி இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் காற்றுத்துளைகள் இட்டு, அடியில் அச்சு மை இல்லாத வெள்ளைத்தாளை விரித்து, வீட்டிலேயே அமைதியான அறையில் வையுங்கள். உள்ளே இரண்டு மறைவிடங்கள் வேண்டும். ஒன்று வெதுவெதுப்பான ஓரத்தில், மற்றொன்று குளிர்ந்த ஓரத்தில். இதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பெரிய தேங்காயின் அரைச் சிரட்டையைச் சுரண்டிக் காயவைத்து, விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வாசல் வெட்டி, வெட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் போதும். பாம்பு சுருண்டு படுக்கும்போது சிரட்டையின் சுவர் அதன் முதுகில் உரச வேண்டும். மறைவிடம் விசாலமாக இருந்தால் அதற்குப் பாதுகாப்பு உணர்வு வராது. கவிழாத மண்சட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

அடுத்தது வெப்பம். குண்டு பல்பை எடுத்துவிடுங்கள். பெட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் ஹீட் மேட் எனப்படும் மின்சூட்டு விரிப்பை வைத்து, அதைத் தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக இணைத்து, அந்த ஓரத்தின் தரையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையிலும், எதிர் ஓரத்தில் 25 முதல் 27 டிகிரி வரையிலும் இருக்குமாறு பாருங்கள். நம் கரையோரத்தில் சித்திரை, வைகாசி மாதங்களின் பிற்பகலில் அறையே 35 டிகிரியை நெருங்கிவிடுவதுண்டு. அப்போது மேட்டை அணைத்துவிட்டு, வீட்டிலேயே குளிர்ந்த அறையின் தரையில் பெட்டியை வைக்க வேண்டும். ஜன்னலோர வெயிலில் இருந்த கண்ணாடித் தொட்டி அந்நேரத்தில் அடுப்பாகிவிடும். வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் நிலைமை நேர்மாறாக இருக்கும். மழையோடு மின்சாரமும் போகும் நாளில் இரை கொடுப்பதை ஒத்திவையுங்கள். உடலில் சூடு இல்லாவிட்டால் செரிமானம் நடக்காது. ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காடு போதும். கடற்காற்று அடிக்கும் ஊரில் அது தானாகவே கிடைத்துவிடும் என்பதால், இணையத்தில் பார்த்துத் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டாம். ஓயாத ஈரத்தால் வயிற்றுச் செதில்கள் அழுகும். ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்து, அது காட்டும் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இதற்குப் பிறகு செய்ய வேண்டியது மிகவும் கடினமானது: ஏழு நாட்கள் ஒன்றும் செய்யாமல் இருப்பது. தண்ணீர் மாற்றுவதற்கும் கழிவை அகற்றுவதற்கும் தவிர யாரும் மூடியைத் திறக்கக் கூடாது, பிள்ளைகள் கையில் எடுக்கவே கூடாது, இரையும் நீட்டக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் உங்கள் மகன் இரையை நீட்டியது அன்பினால்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் மூடி திறந்து, மேலிருந்து ஒரு கை இறங்கியதை அந்தக் குட்டி ஆபத்தாகவே எடுத்துக்கொண்டிருக்கும்.

எட்டாம் நாள் இரவு, வீடு அடங்கிய பிறகு முதல் முயற்சியைச் செய்யலாம். இரை பாம்பின் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு இருக்க வேண்டும். உங்கள் குட்டிக்கு ஏழு முதல் பத்து கிராம். முடி முளைத்து, கண் திறக்கும் பருவத்தில் உள்ள வெள்ளைச் சுண்டெலிக் குட்டி அந்த எடையில் இருக்கும். ரோமமில்லாத, பிறந்த சில நாட்களேயான இளஞ்சிவப்புக் குட்டியைப் பல பால் பைத்தான்கள் இரையாகவே மதிப்பதில்லை. உறைந்த இரையைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுவதுமாக உருகவிட்டு, பிறகு நீர் புகாத உறையில் போட்டு வெந்நீரில் அமிழ்த்துங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக் கூடாது. புறங்கையில் வைத்துப் பார்த்தால் நம் உடம்புச் சூட்டைவிடச் சற்றே கூடுதலாகத் தெரிய வேண்டும். இந்தப் பாம்பின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் வரிசையாக உள்ளன. இருட்டில் இரையின் உடற்சூட்டை அவற்றின் வழியாகவே அது அறிகிறது. ஆறிப்போன எலி அதற்கு ஒரு துண்டுத் துணிக்குச் சமம். இதுவரை உங்கள் மகன் கொடுத்தவை சில்லிட்டிருந்தனவா என்று கேட்டுப் பாருங்கள்.

இரையைத் துடைத்து, நீண்ட இடுக்கியால் இடுப்பைப் பிடித்து, தலைப்பக்கம் முன்னே இருக்குமாறு சிரட்டை வாசலுக்கு ஒரு சாண் தள்ளிக் காட்டுங்கள். முகத்தில் இடிக்கக் கூடாது. பசியுள்ள குட்டியாக இருந்தால் முதலில் நாக்கு நீட்டுவது நிதானப்படும், தலை இரையின் பக்கம் திரும்பும், கழுத்து மெல்ல வளைந்து பின்வாங்கும். அந்த நேரத்தில் இடுக்கியை நடுங்காமல் வைத்திருந்தால் அது பாய்ந்து கவ்விச் சுற்றிக்கொள்ளும். உடனே விட்டுவிட்டு, விளக்கை அணைத்து, அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மாறாகத் தலையைப் பின்னுக்கு இழுத்து ஒளித்துக்கொண்டால் அன்றைக்கு வற்புறுத்த வேண்டாம். இரையைச் சிரட்டை வாசலிலேயே வைத்துவிட்டு, காலையில் அப்படியே இருந்தால் அப்புறப்படுத்துங்கள். அடுத்த முயற்சி ஏழு நாட்கள் கழித்துத்தான். கண்கள் பால்போல் மங்கி, சட்டை உரிக்கப் போகிறது என்று தெரிந்தால், உரித்து முடியும்வரை காத்திருங்கள்.

மூன்று முயற்சிகளும் வீணானால் வாசனையை மாற்றிப் பார்க்கலாம். காட்டில் இந்த இனத்தின் குட்டிகள் பறவைக் குஞ்சுகளை அதிகம் தின்கின்றன. வளர்ந்த பிறகே எலிக்கு மாறுகின்றன. அதனால் கோழிக்குஞ்சின் மென்தூவியை இரையின் மேல் தேய்த்துக் கொடுத்தால் சில குட்டிகள் எடுத்துவிடுகின்றன. வாயைத் திறந்து வலிய ஊட்டுவதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். மெல்லிய தாடை எளிதில் காயப்படும், பிறகு இரை என்றாலே மிரளும்.

வாரம் ஒருமுறை, தாளை மாற்றும்போது, கிராம் காட்டும் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். 68 கிராம் 61க்குக் கீழே போனாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ காத்திருக்கக் கூடாது. திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஊர்வன மருத்துவத்தில் பழக்கமுள்ளவர் இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

மகனிடம் ஒன்று கண்டிப்பாகக் கேளுங்கள்: வாங்கியதற்கு ஆவணம் இருக்கிறதா? பால் பைத்தான், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள பிராணி. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படியும் அதை வைத்திருப்பதைப் பரிவேஷ் இணையதளம் வழியாக வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். பயந்துபோய் அதைக் கண்மாய்க்கரையிலோ தென்னந்தோப்பிலோ விட்டுவிடாதீர்கள். அதற்கும் கேடு, நம் ஊர் உயிர்களுக்கும் கேடு.

கேள்வி (வாசகர், மண்டபம்): என் குட்டிப் பைத்தான் செத்த எலியைத் தொடுவதில்லை. எங்கள் மீன் குடோனில் அடிக்கடி எலிக்குட்டிகள் பிடிபடுகின்றன. அவற்றை உயிரோடு போடலாமா?

பதில்: போடவே கூடாது. குடோன்களில் எலி மருந்து வைக்காத இடம் அரிது. இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்லும் அந்த மருந்து எலியின் உடலில் தங்கி, தின்ற பாம்புக்கும் கேடு விளைவிக்கக்கூடும். ஒட்டுண்ணிகளும் தொற்றும், அந்த எலியைக் கையாளும் உங்களுக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும்.

உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போவதன் விளைவை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஓர் இளம் பாம்பை இரவு முழுவதும் வளர்ந்த சுண்டெலியோடு அடைத்து வைத்திருந்தார்கள். காலையில் என்னிடம் வந்தபோது முதுகில் கட்டைவிரல் நீளத்துக்குத் தோலே இல்லை. அதன் அடியில் தசை தெரிந்தது. பசித்த எலி, அசையாமல் கிடக்கும் பாம்பைக் கொறிக்கும். மூலையில் நடுங்கிய அந்த எலியின் வேதனையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் இரையை மட்டும் உயிரோடு எடுத்துப் பழகும் குட்டிகள் சில உண்டு என்பதை மறுக்கவில்லை. எல்லா வழிகளும் அடைபட்ட பிறகு, நோயற்ற வளர்ப்புச் சுண்டெலியின் சிறு குட்டியைக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கண்ணெடுக்காமல் அருகிலிருந்து, எடுக்காவிட்டால் அகற்றிவிடலாம். அடுத்த வாரமே, அதே நேரத்தில், அதே இடத்தில், நன்றாகச் சூடேற்றிய செத்த இரையை இடுக்கியால் மெல்ல அசைத்துக் காட்டுங்கள்.

கேள்வி (வாசகர், தொண்டி): ஐந்து வாரங்களுக்குப் பிறகு எங்கள் குட்டி முதல் இரையை எடுத்தது. மகிழ்ச்சியில் மறுநாள் வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லாரிடமும் கையில் கொடுத்துக் காட்டினோம். மூன்றாம் நாள் முழு எலியையும் கக்கிவிட்டது. உடனே வேறு எலி கொடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம். இரையை வெளியே தள்ளியபோது வயிற்றின் செரிமான அமிலமும் உடன் வெளியேறி, தொண்டையைப் புண்ணாக்கியிருக்கும். பத்து முதல் பதினான்கு நாட்கள் தண்ணீர் மட்டும் வைத்து விட்டுவிடுங்கள். பிறகு, முன்பு கொடுத்ததில் பாதி அளவுள்ள இரையைக் கொடுத்து, 48 மணி நேரம் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்ப ஓரத்தின் தரையில் 31 டிகிரி இருக்கிறதா என்று அதற்கு முன்பே அளந்துவிடுங்கள். மறுபடியும் கக்கினால், கக்கியதைக் கையுறை அணிந்து மூடியுள்ள டப்பாவில் எடுத்து, பாம்போடு சேர்த்து அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். திரும்பியதும் எல்லாரும் சோப்பால் கை கழுவுங்கள்.