கன்வர்ட்டிபிள் காரின் கூரையிலிருந்து எண்ணெய் சொட்டினால் சிலிண்டர் அத்தனையும் மாற்றித்தான் ஆகவேண்டுமா?

வேண்டாம் தம்பி. எண்ணெய் அழுத்தத்தால் கூரையைத் திறந்து மூடுகிற சிலிண்டர்கள் பல இருக்கின்றன. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் முழு செட்டுக்கும் காசு கட்டாதீர்கள்.

நீங்கள் எழுதியது இதுதான்: 1990களில் வந்த மெர்சிடிஸ் எஸ்எல், ஆர்129 மாடல். கூரையைப் பூட்டும்போது நடுக்கண்ணாடியிலும் சன் வைசரிலும் எண்ணெய் சொட்டுகிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் பார்த்த போர்மன் (பட்டறை மெக்கானிக்) எல்லா சிலிண்டரையும் மாற்றச் சொல்கிறார், அதுவரை பிரேக் எண்ணெய் ஊற்றி ஓட்டலாம் என்கிறார்.

முதலில் அந்த பிரேக் எண்ணெயை நிறுத்துங்கள். இந்தக் கூரைக்குப் போவது மெல்லிய கனிம எண்ணெய், மெர்சிடிஸ் 343.0 தரம். பிரேக் எண்ணெய் கிளைகால் (glycol) என்ற வேறு வேதிப்பொருள் வகை. இரண்டும் ஒன்றோடொன்று சேராது, கனிம எண்ணெய்க்கென்று செய்த சீல்களையும் (எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையங்கள்) அது கெடுத்துவிடும். ஒரு சிலிண்டரில் இருந்த கோளாறு பம்ப் வரைக்கும் பரவும். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் அதைச் சுத்தம் செய்யும்வரை கூரையை இயக்கவே வேண்டாம். டிராக்டருக்கு ஊற்றுகிற 46, 68 நம்பர் எண்ணெயும் ஆகாது. அது கெட்டி. மோட்டார் திணறும், கூரை பாதியில் நிற்கும்.

கண்ணாடிமேல் சொட்டினால் பெரும்பாலும் குற்றவாளி முன்கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் பூட்டுச் சிலிண்டர்தான். இடம் ஒன்று, வலம் ஒன்று. பின்பக்கச் சாமான் பெட்டியின் (பூட்) பக்கவாட்டில், கம்பளத்துக்கு அடியில் ஈரம் என்றால், மடித்த கூரையை மறைக்கும் மூடியைத் தூக்கும் சிலிண்டர். இருக்கைக்குப் பின்னால் ஈரம் என்றால் கூரையைத் தூக்குபவை. ஆனால் எண்ணெய் சட்டத்தின் வழியே நகர்ந்து வேறொரு இடத்தில் சொட்டும். அதனால் டிரிம்மை (உள்ளே மூடியிருக்கும் பலகைகளை) கழற்றி, எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் வெள்ளை டிஷ்யூ சுற்றிக் கூரையை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். எது முதலில் நனைகிறதோ அதுதான். விரலால் தடவித் தேடவே கூடாது. டயரில் இருக்கும் அழுத்தம் இரண்டு பார் சொச்சம், இந்தக் குழாய்களில் நூறு பாரைத் தாண்டும். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கழற்றும் முன் கூரை முழுக்க மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டையால் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அழுத்தத்தைக் காரின் புத்தகத்தில் சொன்னபடி இறக்கிவிட்டு பேட்டரியைக் கழற்றுங்கள். டேஷ்போர்டைப் பிளாஸ்டிக்கால் மூடுங்கள், இந்த எண்ணெய் லெதரில் கறையாகும். ஒவ்வொரு குழாய்க்கும் சிலிண்டரில் உள்ள வாய்க்கும் ஒரே நம்பரை எழுதி ஒட்டுங்கள். மாற்றி மாட்டினால் பூட்டவேண்டிய நேரத்தில் திறக்கும். கழற்றிய குழாய் முனைகளைக் கையுறையின் விரலை வெட்டிக் கட்டிவிடுங்கள். ஒரு தூசி போதும், வால்வு சிக்கிக்கொள்ளும்.

சிலிண்டரைப் பிரித்தால் பழைய பாலியூரித்தேன் சீல் கையிலேயே பொடிந்து வரும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பொருள் நாளடைவில் சிதையும், நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. இதற்காக ஜெர்மனிக்கு ஆர்டர் போட வேண்டியதில்லை. செம்பனைத் தோட்டங்கள் இருக்கிற ஊரில் டிராக்டர், டிப்பர் லாரிக்கு ஹைட்ராலிக் சீல் விற்கும் கடை இல்லாமல் இருக்காது, இல்லையென்றால் ஈப்போவில் கிடைக்கும். சிலிண்டருக்குள் போய்வரும் தண்டின் குறுக்களவு, சீல் உட்காரும் பள்ளத்தின் அகலம், ஆழம் மூன்றையும் வெர்னியரில் 0.1 மில்லிமீட்டர் வரை அளந்து, பழைய சீலோடு கொண்டுபோங்கள். கனிம எண்ணெய் தாங்கும் நைட்ரைல் அல்லது விட்டான் என்று கேட்டு வாங்குங்கள். இபிடிஎம் கொடுத்தால் வாங்காதீர்கள், அது பிரேக்குக்கான ரப்பர், கனிம எண்ணெயில் ஊதிவிடும்.

சீலின் உதடு (மெல்லிய விளிம்பு) எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் முதல் நாளே ஒழுகும். வெந்நீரில் சற்று இளக்கி, துடைத்து, அவரை விதை மாதிரி மடித்து உள்ளே நுழைத்துவிடுங்கள். தண்டில் மரை இருந்தால் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், கூர்முனை உதட்டைக் கிழித்துவிடும். கிரீஸ் வேண்டாம், அதே 343.0 எண்ணெயைத் தடவுங்கள். ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் அதே வயதுதான், அதனால் முன் சிலிண்டர் இரண்டுக்கும் சேர்த்தே சீல் மாற்றிவிடுங்கள்.

கம்பெனியில் புது சிலிண்டர் போடுவதுதான் முறை, இதெல்லாம் ஒட்டுப்போடும் வேலை என்று சிலர் வருவார்கள். தண்டின் குரோமில் குழி விழுந்திருந்தால் அவர்கள் சொல்வது சரி, புது சீலையும் அது அறுத்துவிடும். தண்டு நகத்துக்குத் தட்டாமல் வழவழப்பாக இருந்தால் சீல் மட்டும் போதும். பிரித்தே பார்க்காமல் முழு செட் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் படிவம் முடித்துப் பட்டறைக்கு வருகிற நம் பிள்ளைகளிடம் ஸ்பேனரை மட்டும் கொடுக்கிறார்கள். சீல் ஏன் இந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. தொழிலை மூடி வைத்தால் பிழைப்பு நிலைக்கும் என்று நினைக்கிறார்கள். அந்தப் பிள்ளை பத்து வருடம் கழித்து இன்னொரு காருக்குப் பிரேக் எண்ணெய் ஊற்றச் சொல்கிறான்.

சரி, மாட்டியபின் தொட்டியிலுள்ள பழைய எண்ணெயை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். பிரேக் எண்ணெய் கலந்திருந்தால் பம்பைக் கழற்றி, குழாய்களைக் காலிசெய்து, மற்ற சிலிண்டர்களின் சீலையும் பார்க்க வேண்டும். அந்த நிலையில் மட்டும்தான் போர்மன் கணக்கு நியாயம். கலக்கவில்லை என்றால் காற்று தானாகவே வெளியேறும். இஞ்சினைத் திறந்தவெளியில் ஓடவிட்டு ஐந்தாறு முறை திறந்து மூடுங்கள், நடுவில் பத்து நிமிடம் மோட்டாரை ஆறவிடுங்கள். எண்ணெய் மட்டத்தைக் கூரை எந்த நிலையில் இருக்கும்போது பார்க்கவேண்டும் என்று காரின் புத்தகம் சொல்கிறதோ அந்த நிலையில் மட்டும் பாருங்கள். தண்டு நீண்டிருக்கும்போது விளிம்புவரை நிரப்பினால், அது உள்ளே திரும்பும்போது தொட்டி வழிந்து பூட் முழுக்க எண்ணெயாகும்.

ஒழுகும் இடத்தைத் தேட ஒருமுறை இயக்குவதைத் தவிர, சீல் கையில் வரும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். கூரையைக் கையால் பூட்டும் முறையும் அதே புத்தகத்தில் இருக்கிறது.