யோகா ஆசிரியர் பயிற்சி: எதைப் பார்த்துச் சேர்வது?

கேள்வி: தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடமாகத் தினமும் ஆசனம் செய்கிறேன். யோகா ஆசிரியை ஆக ஆசை. 25 நாள் தங்கிப் படிக்கும் 200 மணி நேரப் பயிற்சி, ஆன்லைன் பயிற்சி, பல்கலைக்கழக டிப்ளமோ என்று மூன்று விளம்பரங்கள் வைத்திருக்கிறேன். எதில் சேரலாம்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் அந்த 200-ஐ 25-ஆல் வகுத்துப் பாருங்கள். விடுமுறையே இல்லாமல் நாளுக்கு எட்டு மணி நேரம். திடீரென்று உடம்பை இப்படி வேலை வாங்கினால், உட்காரும் எலும்பருகே தொடையின் பின்தசை ஒட்டியிருக்கும் இடத்தில் வலி பிடித்துக்கொள்ளும். நீட்டினால் விட்டுவிடும் என்று மேலும் நீட்டுவார்கள். தசைநாண் இன்னும் நொந்து, மாதக்கணக்கில் இழுக்கும். தங்கிப் படிப்பது தவறில்லை. அந்த எட்டு மணியில் எத்தனை மணி ஆசனம், எத்தனை மணி பாடம் என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

அதைவிட முக்கியமாக ஒன்று கேளுங்கள்: “நான் எத்தனை முறை வகுப்பு எடுப்பேன்? யார் உட்கார்ந்து பார்த்துத் திருத்துவார்?” இதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். நன்றாக ஆசனம் செய்வது வேறு, செய்ய வைப்பது வேறு.

காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் வகுப்புக்கு வருபவர் நாள் முழுக்கக் குனிந்து கொழுந்து பறித்தவராக இருக்கலாம். “குனிந்து கால்விரலைப் பிடிங்க” என்றால், இடுப்பு அசையாது. ஏற்கெனவே நொந்த கீழ்முதுகுதான் வளையும். கம்பளியை நான்காக மடித்து உட்காரும் இடத்துக்கு அடியில் வையுங்கள், முழங்காலைச் சற்று மடக்கச் சொல்லுங்கள், நெஞ்சை முன்னால் நீட்டச் சொல்லுங்கள். விரல் எட்டாவிட்டாலும் பரவாயில்லை. தலையில் சுமை தூக்கிக் கழுத்து நொந்தவருக்கும், ரத்த அழுத்தம், கண் அழுத்தம் உள்ளவருக்கும் சிரசாசனம் வேண்டாம். இதையெல்லாம் பக்கத்தில் நின்று திருத்துபவரிடம்தான் கற்க முடியும். ஆன்லைனை தத்துவம், உடற்கூறு போன்ற பாடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சான்றிதழ் விஷயம். யோகா அலையன்ஸ் என்பது அமெரிக்கப் பதிவு அமைப்பு. அது பள்ளிகளைப் பதிவு செய்கிறது, உங்களைத் தேர்வு வைத்துச் சோதிப்பதில்லை. வெளிநாட்டவர் வரும் ரிசார்ட்டுகளில் அந்தப் பெயர் உதவும். இங்கே ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றளிப்பு வாரியம் எழுத்து, செய்முறை இரண்டிலும் தேர்வு நடத்துகிறது. முதல் படி ‘யோகா புரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டர்’. நீங்கள் அதைக் குறிவைக்கலாம். பள்ளி, கல்லூரி வேலைதான் இலக்கு என்றால் பல்கலைக்கழக டிப்ளமோவோ பட்டமோ தேவைப்படும். வேலையை விடாமல் படிக்க விரும்பும் உங்களைப் போன்றவர்களுக்கு அந்த டிப்ளமோதான் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். கூடவே வாரம் ஒரு நாள் மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் ஓர் ஆசிரியரின் வகுப்பில் உதவியாளராக நில்லுங்கள். எந்தச் சான்றிதழ் வாங்கினாலும் “சர்க்கரையைக் குணமாக்குகிறேன்” என்று போர்டு எழுதாதீர்கள். சிகிச்சை என்பது ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு) படித்த மருத்துவரின் வேலை.

கேள்வி: பயிற்சி முடித்து, விடுதியில் சுற்றுலா வருபவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஜனவரிக் குளிரில் எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். நேற்று இரவு ஏறி வந்தவருக்கு முதல் நாளே கபாலபாதியும் (மூச்சை வேகமாக வெளியே தள்ளுவது) கும்பகமும் (மூச்சை அடக்குவது) கொடுத்தால் தலை சுற்றும். மூக்கின் இரு துளைகளிலும் மாறி மாறி மூச்சு விடும் நாடிசுத்தியை, மூச்சை அடக்காமல் சொல்லிக்கொடுங்கள். முதல் பதினைந்து நிமிடம் கணுக்கால், முழங்கால், தோள் என்று மூட்டுகளைத் தளர்த்துங்கள். சாக்ஸோடு நின்று செய்ய விடாதீர்கள், வழுக்கும். சவாசனத்துக்குக் கம்பளி கட்டாயம், அசையாமல் படுத்ததும் உடம்பு சில்லிட்டுப்போகும். குளிருக்காகக் கதவைச் சாத்திவிட்டு அறைக்குள் கரி அடுப்பு மட்டும் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. கண்ணை மூடிப் படுத்திருப்பவர்களுக்கு மயக்கம் வருவதுகூடத் தெரியாது.